உங்கள் சுவரில் தொங்குவது எந்த ஊர் அறுவடை?

செட்டிநாட்டில் பழைய வீடுகளை விடுதியாக நடத்திவரும் ஐயாமார்கள், ஆச்சிமார்கள், அவர்களுக்குச் சுவர்ப்படம் தேர்ந்து கொடுக்கும் உள்அலங்காரக்காரர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கட்டையிலும் லினோவிலும் (லினோலியம் தகடு) படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அழுத்தி அச்சோவியம் போடுகிறவர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. முகப்பிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் ‘செட்டிநாட்டு அறுவடை, லிமிடெட் எடிஷன்’ என்று சட்டம் போட்டு மாட்டும் வழக்கம் பெருகிவருகிறது. எங்களுக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் பல படங்களில் இருப்பது கோதுமை. சிலவற்றில் அறுப்பவர்கள் தலையில் கூம்புத் தொப்பி. பின்னணியில் படிக்கட்டு வயல். காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் அப்படியொரு வயலைப் பார்க்க முடியாது. இன்னும் சில படங்கள் அச்சோவியமே அல்ல. கணினிக் கோப்பை நல்ல தாளில் இன்க்ஜெட்டில் எடுத்து, கீழே பென்சில் எழுத்து மாதிரியே பிரதி எண்ணையும் அச்சிட்டிருக்கிறார்கள்.

குற்றம் சொல்ல எழுதவில்லை. இது ஏன் நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். விருந்தினர் வரும் பருவம் கார்த்திகையில் தொடங்குகிறது. அதனால் ஐப்பசியில் ஆர்டர் வருகிறது, மார்கழிக்குள் படம் வேண்டும் என்கிறீர்கள். ஐப்பசியில் இந்தப் பக்கத்து வயலில் பயிர் முழங்கால் உயரம்கூட இருக்காது. வரைகிறவர் எதைப் பார்த்து வரைவார்? போனில் ‘அறுவடை’ என்று தேடுவார். வருவது பஞ்சாப் கோதுமை, பாலித் தீவின் படிவயல், தஞ்சாவூர்த் தென்னந்தோப்பு. அவற்றைக் கலந்து ஒரு படம் செய்து கொடுத்துவிடுகிறார். தவறு கையில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

முதலில் பயிரைப் பற்றி. முற்றிய கோதுமைக் கதிர் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும், ஊசி ஊசியாக மேல்நோக்கிச் சீப்பு மாதிரி தெரியும். நெற்கதிர் முற்றினால் தலை சாயும்; தாளின் உச்சியிலிருந்து ஒரு பக்கமாக வளைந்து, நுனி தரையைப் பார்க்கும். செதுக்குகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். கோதுமையை வி வடிவ நுனி உள்ள வி உளியால் கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டே போகலாம். நெல்லுக்கு ஒவ்வொரு கதிருக்கும் ஒரு கொக்கி வேண்டும்: தாள் மேலே போய், வளைந்து, கீழே இறங்கும்போது இரு பக்கமும் நெல்மணிக்குச் சிறு வெட்டுகள். காற்று ஒரு திசையிலிருந்து வருவதால் எல்லாக் கொக்கியும் ஏறக்குறைய ஒரே பக்கம் சாயும். ஏறக்குறைய என்பதுதான் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே அளவில் சாய்த்தால் சேலை பார்டர் ஆகிவிடும். பத்துக்கு இரண்டு மூன்றை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

அடுத்தது ஆள். ஐரோப்பிய அச்சோவியங்களில் அறுவடை ஒரு பெரிய மரபு. ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல் 1568இல் வரைந்த கோடைக்காலக் காட்சி 1570இல் செப்புத்தகட்டு அச்சாக வெளிவந்தது. முன்னால் உட்கார்ந்து குடிப்பவனின் பாதமும் அரிவாளும் படத்தின் கீழ்க்கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அற்புதமான வேலை. ஆனால் அந்த அரிவாள் நீளக் கம்பு வைத்தது. நின்றபடி வீசி அறுப்பது. அதனால் அங்கே மனித உடல் படத்தில் சாய்ந்த கோடாக நிற்கும். நம் ஆள் பிடிப்பது பல் வைத்த கருக்கரிவாள். குனிந்துதான் அறுக்க முடியும். இடது கையால் குத்தைப் பிடித்து, வலது கையால் அரிவாளை அடியில் கொடுத்துத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். முதுகு தரைக்கு இணையான கோடாகிவிடும். வரிசையாக எட்டுப் பேர் அறுத்தால் பயிரின் உயரத்திலேயே எட்டு முதுகுகள் தெரியும், அவ்வளவுதான். நம் அறுவடைக் காட்சி அடிப்படையில் தாழ்வான காட்சி. நிமிர்ந்து நிற்பவை பனையும் மடைத்தூணும் தலைச்சுமையோடு நடக்கிறவர்களும் மட்டும். இதைப் புரிந்துகொண்டால் படத்தின் அமைப்பு தானாக வந்துவிடும். புரியாமல் ஐரோப்பிய அமைப்பில் சேலை கட்டிவிட்டால், பெண்கள் வயலில் நின்று யாருக்கோ கை காட்டுவது மாதிரி இருக்கும்.

பிரான்ஸில் மிலே என்ற ஓவியர் 1855-56 வாக்கில் எட்சிங்காகவும் (அமிலத்தால் அரித்த உலோகத்தகட்டு அச்சு) பிறகு 1857இல் எண்ணெய் ஓவியமாகவும் செய்த கதிர் பொறுக்கும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குனிந்த உருவம் என்பதால் அந்தப் பெண்களைத் தூக்கி நெல்வயலில் வைத்துவிடுகிறார்கள். அவர்கள் அறுப்பவர்கள் அல்ல. அறுத்து முடித்த நிலத்தில் சிந்தியதைப் பொறுக்குகிறவர்கள். கையில் அரிவாளே கிடையாது. நிற்கும் பயிருக்குள் அவர்களை நிறுத்தினால் என்ன செய்கிறார்கள் என்றே தெரியாது.

உடையையும் பாருங்கள். இன்று வயலில் இறங்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கை வைத்த ஆண்கள் சட்டை போடுகிறார்கள், தலையில் துண்டு கட்டுகிறார்கள். நெல் சுணைக்கும் வெயிலுக்கும் அதுதான் தோது. படத்தில் மட்டும் ஏன் அந்தச் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள்? சட்டையின் கசங்கல், காலர், சுருட்டிவிட்ட கைமடிப்பு எல்லாம் கட்டை அச்சுக்கு வாகான வடிவங்கள். கறுப்புக்குள் வெள்ளை வெட்டாக அழகாக விழும்.

இனி நிலம். செட்டிநாடு டெல்டா அல்ல. செம்புறைக்கல் தரை, செம்மண், கண்மாய்ப் பாசனம், வடகிழக்குப் பருவமழை. நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. அதனால் கண்மாய்க் கரை பெரும்பாலும் கிழக்கையும் தெற்கையும் வளைத்து நிற்கும். வயல் கரைக்கு வெளியே தாழ்வாக இருக்கும். உள்ளே நீர்ப்பிடிப்பு, அதில் கருவேல மரங்கள். வயலில் நின்று மேற்கே பார்த்தால் தொடுவானம் தெரியாது, கரை தெரியும். கரைக்கு மேல் பனந்தலைகள் வரிசையாக. இதுதான் இந்த ஊரின் தொடுவானம். மலையும் வேண்டாம், ஆறும் வேண்டாம். ஒரு நீண்ட கறுப்புப் பட்டை, அதற்கு மேல் விசிறி விசிறியாகப் பனை. லினோவில் இதைவிட எளிதாகவும் பலமாகவும் ஒரு பின்னணி கிடைக்காது. கரைமேல் ஏறி நின்று வயலைக் கீழே பார்த்து வரைந்தால் வரப்புகள் எல்லாம் வலை மாதிரி விரியும், தொடுவானத்தைத் தாளின் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றிவிடலாம். சீமைக் கருவேலையையும் விட்டுவிடாதீர்கள். யாருக்கும் பிடிக்காத மரம்தான், ஆனால் அது இல்லாமல் வரைந்த சிவகங்கைப் பக்கத்து நிலம் பொய்.

காலமும் வெளிச்சமும். பொங்கலை வைத்துப் படம் போடுகிறவர்கள் வயலை ஒட்ட அறுத்துவிடுகிறார்கள். இங்கே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகப் போட்ட நெல் பலவும் பொங்கலன்று இன்னும் நின்றுகொண்டிருக்கும். பொங்கலுக்குப் பிந்தைய செவ்வாயன்று நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் வைக்கும்போதும் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். தை முழுக்க, சில இடங்களில் மாசிக்கும் நீளும். தையில் சூரியன் தெற்கே இருக்கிறது. தை நடுவில் உச்சி வேளையில்கூட நிழல் காலடியில் சுருங்காது; ஆளின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே விழும். 5 அடிப் பெண்ணுக்கு 2½ அடிக்கு மேல் நிழல். ஆகவே தெற்கே பார்த்து வரைந்தால் உருவங்கள் இருட்டாகவும் விளிம்பில் வெள்ளைக் கோடாகவும் வரும், நிழல் நம்மை நோக்கி ஓடிவரும். கட்டை அச்சுக்கு இந்தப் பார்வைதான் பொன். வடக்கே பார்த்தால் எல்லாம் தட்டையாக வெளிச்சம் பூசிக்கொள்ளும்.

களத்துமேட்டிலும் அப்படித்தான். தை மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தூற்றுகிறவர் சுளகை உயரப் பிடித்துச் சரித்தால் நெல் நேராக விழும், பதர் தென்மேற்கே பறக்கும். பிற்பகலில் அந்தப் பக்கம்தான் வெயிலும். பதர்த்தூசி ஒவ்வொன்றும் மின்னும். இதை வெள்ளைக் கோட்டு முறையில், கறுப்பாக விட்ட வானத்தில் 1 மி.மீ. வி உளியின் நுனியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும்: சுளகுக்கு அருகில் நெருக்கமாக, போகப் போக இடைவெளி விட்டு. காற்று வரும் பக்கம் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. வைக்கோல் படப்பையும் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பியப் படங்களில் வருவது போன்ற கூம்புக் குவியல் வேண்டாம். இங்கே பெரும்பாலும் நீளவாக்கில், வீட்டுக்கு முகடு எடுப்பதுபோல் ஏற்றுவார்கள். மாடு தின்னப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு பக்கம் குடைந்திருக்கும். அந்தக் குடைவுதான் படப்பின் முகம்.

அறுவடை இயந்திரத்தை வரையலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வரையத்தான் வேண்டும். காய்ந்த வயலில் டயர் வண்டி, ஈரம் நிற்கும் வயலில் பெல்ட் வண்டி. பெல்ட் பதிந்த தடம் சேற்றில் ஏணி மாதிரி விழும். வண்டி போன பின்னால் வைக்கோல் வரிசை, அதற்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள். கொக்கு என்றால் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவது. இவ்வளவு சுலபமாக ஒரு பறவை வேறு எந்தக் கலையிலும் வராது.

இப்போது அச்சு வேலையில் அடிக்கடி நடக்கும், வாங்குகிறவர் கண்டுபிடிக்கக்கூடிய தவறு ஒன்று. கட்டையில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். பார்த்தபடியே கட்டையில் வரைந்து செதுக்கிவிட்டால், அச்சில் அறுப்பவர்கள் எல்லோரும் இடது கைக்காரர்களாகிவிடுவார்கள். நாலு பேரில் ஒருவர் இடது கை என்றால் நம்பலாம். வரிசை முழுக்க என்றால் கட்டை திரும்பியிருக்கிறது என்று பொருள். இன்னும் உறுதியான அடையாளம் முந்தானை. இடது தோளில் விழ வேண்டியது வலது தோளில் விழுந்திருக்கும். சட்டைப்பை வலது மார்பில் இருக்கும். காற்று எதிர்ப்பக்கமாகப் பதரை ஊதும். ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் படத்தில் இருக்கும் கோவில் கோபுரம் கண்மாயின் எதிர்க்கரைக்குப் போயிருக்கும். தடுப்பது மிக எளிது. ட்ரேசிங் தாளில் 4பி பென்சிலால் படத்தை வரைந்து, தாளைக் குப்புறப் போட்டுக் கட்டைமேல் தேய்த்தால் கட்டையில் இடவலம் மாறிய படம் இறங்கும், அச்சில் நேராகும். பாதி செதுக்கியதும் முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும். கட்டைமேல் முன்கூட்டியே இலேசாக நிறம் பூசிவைத்தால், வெட்டிய இடமெல்லாம் வெளிறித் தெரியும், எது அச்சாகும் எது ஆகாது என்று குழப்பம் வராது.

வயலைச் செதுக்குவதில் இன்னொரு பிழை, ஒரே உளியை வைத்துக்கொண்டு முன்னிருந்து பின்வரை ஒரே அளவில் கீறிக்கொண்டே போவது. நிலம் படுக்காது, சுவர்போல் எழுந்து நிற்கும். முன்வரிசைக்கு 3 மி.மீ. யு உளியும் வி உளியும் கலந்து, தனித்தனிக் கதிர் தெரியும்படி. நடுவில் 1 மி.மீ. வி உளியால் செங்குத்துக் கீறல், கதிர்த்தலை மட்டும் அலை அலையாக. தூரத்தில் செங்குத்தே கூடாது. படுக்கைவாக்கில் நாலைந்து சிறு நறுக்கு, மற்றது தட்டை நிறம். அறுத்த தாளடிக்கு நேர் எதிர்: அங்கே கோடு குட்டை, இடைவெளி தெரியும், வரிசை ஒழுங்கற்று இருக்கும், ஏனென்றால் புழுதியில் விதைத்த நெல் நட்ட நெல்லைப் போல வரிசையில் நிற்பதில்லை. இந்தக் கடைசிச் செய்தி தெரிந்து செதுக்கியவர் வயலுக்குப் போயிருக்கிறார் என்று நம்பலாம்.

வங்காளத்து ஹரேன் தாஸ் (1921-1993) கிராமத்து வேலைகளை மரச்செதுக்கில் எவ்வளவு நுட்பமாகப் பிடித்தார், சித்தப்பிரசாத் (1915-1978) லினோவில் உழவர்களை எவ்வளவு பலமான கறுப்பில் வைத்தார் என்பதையெல்லாம் எங்கள் கூட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்கிறோம். உளியைக் கற்றுக்கொள்ள. குடிசையையும் வாழைத்தோப்பையும் காப்பியடிக்க அல்ல. நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. நாட்டறிந்த அச்சோவியர் ஆர்.எம். பழனியப்பன் 1957இல் தேவகோட்டையில் பிறந்தவர்தான். அவர் போன பாதை அரூபம், அறுவடைக் காட்சி அல்ல. ஆனாலும் அச்சோவியம் இந்த மண்ணுக்கு அந்நியச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் பட்டாலையிலேயே சான்று தொங்குகிறது: ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும். அவை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று சுண்ணாம்புக் கல்லில் வரைந்து எடுத்த லித்தோ அச்சுகள். உங்கள் முன்னோர் அசல் அச்சை வாங்கினார்கள். அதற்குப் பக்கத்தில் இன்க்ஜெட்டை ‘லிமிடெட் எடிஷன்’ என்று மாட்டுவது கொஞ்சம் வேடிக்கை.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வல்லுநர் வேண்டாம். வைரத் தோட்டைச் சோதித்துப் பார்க்க வீட்டில் 10 மடங்கு லென்ஸ் வைத்திருப்பீர்கள். அதை எடுத்துப் படத்தில் ஒரு கோட்டின் ஓரத்தில் வையுங்கள். இன்க்ஜெட் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப்புள்ளிகள் தெளித்ததுபோல் இருக்கும். ஆப்செட் என்றால் புள்ளிகள் ஒழுங்காகப் பூ மாதிரி வட்டம் கட்டும். கட்டை அச்சில் புள்ளியே இருக்காது. நிறம் கெட்டியாக நிற்கும், அழுத்தத்தில் மை விளிம்புக்கு ஒதுங்கி ஓரம் மட்டும் சற்று அடர்ந்திருக்கும். பிறகு தாளைத் திருப்பிப் பாருங்கள். பிரஸ்ஸில் போட்டதென்றால் பின்பக்கம் விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். மெல்லிய தாளில் கரண்டி வைத்துத் தேய்த்து எடுத்ததென்றால் தேய்த்த தடம் பளபளக்கும், மை இலேசாக ஊடுருவியிருக்கும். கீழே 7/30 (முப்பது தாளில் ஏழாவது) என்று இருந்தால் சாய்த்துப் பிடியுங்கள். பென்சில் என்றால் மினுங்கும். சட்டத்துக்குள் அடைத்துவிட்ட படத்தில் இதையெல்லாம் பார்க்க முடியாது. அதனால் சட்டம் போடுவதற்கு முன் தாளாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இன்க்ஜெட் கெட்டதென்று நாங்கள் சொல்லவில்லை. டிஜிட்டல் பிரதி என்று பெயர் போட்டு அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும்.

30 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ‘இன்னும் ஐந்து போட்டுக் கொடுங்களேன்’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நிற அச்சை ஒரே கட்டையில் குறைத்துக்கொண்டே போகும் முறையில் செய்தால், முதலில் வெளிர் வைக்கோல் மஞ்சளை எல்லாத் தாளிலும் போட்டுவிடுவோம். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தைக் கட்டையிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் செம்மண் நிறம். மறுபடி வெட்டு, பச்சை. மறுபடி வெட்டு, கடைசியில் கரைக்கும் பனைக்கும் ஆளுக்கும் கறுப்பு. நாலாவது நிறம் முடியும்போது கட்டையில் கரையும் பனையும் ஆளும் தவிர ஒன்றும் மிஞ்சாது. 31ஆவது தாளுக்குத் திரும்பிப் போகவே வழி கிடையாது. நிறம் மாற மாறத் தாளைத் துல்லியமாக அதே இடத்தில் வைக்க வேண்டும், 1 மி.மீ. நகர்ந்தாலே கதிர் ஓரத்தில் கீழ்நிறம் இழையாகத் தெரியும். அதில் கழிவு போகும் என்பதால் 30 படத்துக்கு 38, 40 தாளில் ஆரம்பிக்கிறோம். ஒரு நிறத்தைப் போட்டு முடித்து அடுத்ததற்குள் சராசரியாக ஒரு வாரம் காய வேண்டும். 30க்கு 45 செ.மீ. கட்டை ஒன்றைச் செதுக்கவே, வயலின் நுணுக்கத்தைப் பொறுத்து, 40 முதல் 60 மணி நேரம் போகும். தாளும் கட்டையும் மையும் முதல் நாளே வாங்க வேண்டியவை. முன்பணம் பாதி கேட்பதன் காரணம் இதுதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அறுவடை என்றால் தங்கமஞ்சள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அறுக்கும் நாளில் கதிர் மஞ்சளாக இருந்தாலும் நெல்தாளின் அடி பாதி பச்சைதான். மஞ்சள் மேல் கண்ணாடிபோல் தெரியும் நீலத்தைப் போட்டால் அந்தச் சோம்பிய பச்சை வரும். டப்பாவிலிருந்து எடுத்த பச்சை வராது.

எங்கள் வேலைக்கு எதிரி நம் ஊர் வெயிலும் மழையும். எண்ணெய் மை காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரு வாரத்தில் காய வேண்டியது இரண்டு வாரம் இழுக்கும். காயாததன்மேல் அடுத்த நிறத்தைப் போட்டால் கீழ்நிறம் கட்டையோடு பிய்த்துக்கொண்டு வரும். அடுக்கிவைத்த தாளில் பழுப்புப் புள்ளி பூக்கும். சித்திரையில் நேர்மாறு. 38, 39 டிகிரியில் மை இளகி ஓடும், 1 மி.மீ. கோடெல்லாம் அடைந்து, வயல் முழுக்கக் கறுத்துப்போகும். மெக்னீசியம் கார்பனேட் பொடியைத் தூவிப் பிசைந்து இறுக்குகிறோம், காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்கிறோம். லினோவும் வெயிலில் இளகி உளிக்கு முன்னால் இழுபடும், ஓரம் பிசிறும். அதே லினோ வருடக்கணக்கில் கடையில் கிடந்தால் அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காய்ந்து மொறுமொறுத்துவிடும். வளைத்துப் பார்த்தால் வெடிக்கும். தண்ணீர் மை சுத்தம் செய்ய எளிது என்று சிலர் சொல்வார்கள். இந்த வெயிலில் அது ரோலரிலேயே காய்ந்துவிடுகிறது.

வீடு பிரிக்கும் இடங்களில் கிடைக்கும் பர்மா தேக்குப் பலகையில் செதுக்கித் தர முடியுமா என்றும் கேட்கிறீர்கள். ஆசை நியாயமானது. நுணுக்கக் கதிருக்கு அது ஆகாது. தேக்கில் சிலிக்கா உண்டு, உளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். அதன் துளைகள் பெரிது, தட்டை நிறத்தில் சிறு சிறு கீற்றாக வெள்ளை விடும். ஆனால் அந்தக் குறையே செம்மண் தரைக்கும் வானத்துக்கும் குணம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரேகையை எழுப்பிவிட்டு மை போட்டால் உழுத புழுதி மாதிரியே விழும். நிறப் பலகைக்குத் தேக்கு, கோட்டுப் பலகைக்கு லினோ என்று இரண்டாகப் பிரித்துச் செய்யலாம். ஆணி பிடுங்கிய கழிவுப் பலகையை மட்டும் கொடுங்கள். நிலைக்கதவையோ சிற்பப் பலகையையோ யாராவது அறுத்துக் கொண்டுவந்தால் நாங்கள் வாங்கமாட்டோம்.

மாட்டும் இடம். வளவில் (வீட்டின் உள்பகுதி) முற்றத்தை ஒட்டிய சுவரும் முகப்பும் வேண்டாம். ஒரு கோடைக்குள் மஞ்சள் வெளிறிப்போகும். இரண்டாம் கட்டின் உள்சுவர் நல்லது. முட்டைச் சாந்து பூசிய சுவரில் ஆணி அடித்தால் தட்டு தட்டாகப் பெயரும், சரிசெய்ய ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் பழைய போட்டோக்கள் மாட்டியிருக்கும் முறையைப் பின்பற்றுங்கள்: மேலே ஓடும் மரச்சட்டத்தில் கொக்கி, அங்கிருந்து கம்பி, படம் முன்னால் சாய்ந்து நிற்கும். பின்னால் காற்று ஓடும், கண்ணாடியில் வெளிச்சமும் பட்டுத் தெறிக்காது. கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்பலகைக்கு நேரடியாகப் பிளைவுட் வைத்தால் தாள் பழுக்கும், நடுவே அமிலமில்லாத அட்டை வேண்டும். செலோடேப் ஒட்டவே கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்புறம் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுப்பசைக்காக வந்து தாளையும் சுரண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் தேதியைப் பற்றியதுதான். வரும் மார்கழிக்கு வேண்டிய அறுவடைப் படத்துக்கு இந்தத் தையிலேயே சொல்லுங்கள். தை, மாசியில் வயலிலும் களத்திலும் நின்று வரைவோம். பங்குனியில் படத்தின் சிறு மாதிரிகளை உங்களிடம் காட்டுவோம். மாற்றம் சொல்வதென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், உளி இறங்கிய பிறகு முடியாது. சித்திரை, வைகாசியில் காலை வேளைகளில் செதுக்கு. ஆனி முதல் ஆவணி வரை அச்சு. ஆடிக்காற்றில் புழுதி பறக்கும் என்பதால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு. புரட்டாசிக்குள் மழைக்கு முன் சட்டம். ஐப்பசியில் உங்கள் கையில் இருக்கும்.

எந்தக் கண்மாய், எந்த வயல் என்பதை நீங்களே சொல்லலாம். விடுதிக்கு அரிசி எந்த வயலிலிருந்து வருகிறதோ அந்த வயலே நல்லது. அறுப்புக்கு ஆள் வைக்கிறார்களா, வண்டி வைக்கிறார்களா என்றும், எந்த நாளில் என்றும் அந்த விவசாயியிடம் ஒரு வாரம் முன்னால் கேட்டுச் சொல்லுங்கள். வண்டி என்றால் ஒரு ஏக்கர் காபி குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். நாங்கள் விடியலிலேயே வரப்பில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
செட்டிநாட்டில் கட்டை செதுக்கி அச்செடுப்பவர்கள்